மாவடுவும் வடகமும் சொந்தச் சம்பாத்தியமும்

மதுரை அழகர்கோவில் சாலையில் மூன்றுமாவடிக்கு அருகே வசிக்கும் எங்களுக்கு இளவேனில் முதலில் கூடைகளில்தான் வந்து சேரும். மாசி பிற்பகுதியில் அழகர்மலை அடிவாரத்துத் தோப்புகளிலிருந்தும் நத்தம் பக்கத்திலிருந்தும் மாவடு வரத் தொடங்கும். பங்குனியில் வேம்பு பூக்கும். அது பூத்து முடிவதற்குள் மொட்டைமாடிகளில் வடகத் துணிகள் விரிந்துவிடும். சித்திரை முதல் நாளில் மாங்காய்ப் பச்சடி, அதன்பின் திருவிழா, அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை நாளில் எங்கள் சாலையெங்கும் நீர்மோரும் பானகமும். இந்தச் சில மாதங்களில் வீட்டுப் பெண்கள் செய்து வைப்பதைத்தான் குடும்பம் அடுத்த தை வரை தொட்டுக்கொண்டு சாப்பிடும். அந்த வேலையையே எனக்கென்று ஒரு வருமானமாக மாற்ற வேண்டும் என்ற ஆசை நாற்பது வயதைக் கடந்தபின் எனக்கு வந்தது. அந்த ஆசை எப்படிக் காரியமாயிற்று, அதற்காக அடுப்படியிலும் கணக்கிலும் எவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை, இதே எண்ணத்தோடு இருக்கும் பெண்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த வேலைகளுக்கெல்லாம் தலைவி என் அத்தை, அதாவது கணவரின் தாயார். அவர் எதையும் எடை போட்டவர் அல்லர். உப்பைக் கையில் அள்ளும்போதே போதும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கூழ் பதமாகிவிட்டதைக் கரண்டியிலிருந்து விழும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒவ்வோர் ஆண்டும் ஊறுகாய் ஜாடிகள் நிறைந்ததும் உறவினர் வீடுகளுக்குப் பங்கு போகும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் நாத்தனார் வீடுகளுக்குப் பொட்டலங்கள் கட்டி அனுப்புவோம். எல்லோரும் கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியில் உண்மையான அன்பு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அத்தனை உழைப்பும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போவது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கி, மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவியரின் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அறிவித்தபோது, அந்தத் தொகையைக் காட்டிலும் அந்த அறிவிப்பிலிருந்த எண்ணமே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசே சொல்லும்போது, அந்த மதிப்பு எவ்வளவு என்று நானும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

ஆகவே முதல் காரியமாக ஒரு நோட்டும் ஒரு சிறிய மின் தராசும் வாங்கினேன். அத்தை உப்பை அள்ளும்போது அதை ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி எடை பார்த்து எழுதிக்கொள்வேன். மிளகாயும் கடுகும் அப்படியே. முதலில் அவருக்கு இது பிடிக்கவில்லை. "கையே சொல்லுமேம்மா, இதுக்கு எதுக்குத் தராசு?" என்று கேட்டார். "உங்க கை எனக்கு இல்லையே அத்தே, அதை எழுதி வச்சுக்கிறேன்" என்றேன். அதன்பின் அவரே ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் போட்டுவிட்டு, நான் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பார். விற்பனைக்குச் செய்வதென்றால் ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் சுவை மாறக் கூடாது. கைப்பக்குவம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதைக் கிராமில் எழுதி வைக்காவிட்டால், ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்த அன்றே தொழிலும் படுத்துவிடும்.

மாவடுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. மாவடு ஊறுகாயின் தரம் சந்தையிலேயே பாதி தீர்மானமாகிவிடும். மாட்டுத்தாவணிச் சந்தைக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு கிடைப்பவை வாடியவை. காம்பு ஒட்டியிருக்கும், கீறல் இல்லாத, கல் போன்ற வடுக்களையே பொறுக்க வேண்டும். ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் கொட்டை வெண்மையாகவும் நகத்தால் கீறக்கூடிய மென்மையோடும் இருந்தால் அது வடு. ஓடு கட்டத் தொடங்கியிருந்தால் அது ஊறினாலும் கடிக்கக் கடினமாகவே இருக்கும். அதை ஆவக்காய் போடுபவர்களுக்கு விட்டுவிடலாம். காற்றில் உதிர்ந்த வடுவையும் மரத்திலிருந்து பறித்த வடுவையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் முதிய அம்மா ஒருவர். "காத்துல விழுந்தத வாங்காத தாயி, மூணாம் நாளே கொழகொழன்னு போயிரும்" என்று தன் கூடையிலிருந்தே சிலவற்றை ஒதுக்கிக் காட்டினார். விழுந்த காயில் அடிபட்ட இடம் வெளியே தெரியாது. உப்பில் போட்ட பிறகுதான் அந்த இடம் கறுத்துக் குழையும். தன் கூடைச் சரக்கையே குறை சொல்லிக் காட்டிய அந்த நேர்மைக்காக, இன்றும் பருவத்தின் முதல் கூடையை அவரிடம்தான் வாங்குகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் காம்பை ஓர் அங்குலம் விட்டு நறுக்கிவிட்டு, நன்றாகக் கழுவி, பருத்தித் துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். காம்பிலிருந்து வடியும் பால் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். ஆனால் அந்தப் பாலின் மணம்தான் மாவடுவின் மணம். அதனால் காம்பை முழுவதும் கிள்ளி எறிவதில்லை. உலர்ந்த வடுக்களின் மேல் விளக்கெண்ணெயை மெல்லப் பூசிவிட்டு, பீங்கான் ஜாடியில் ஓர் அடுக்கு வடு, ஓர் அடுக்கு கல்லுப்பும் மஞ்சள்தூளும் என்று நிரப்புவோம். அத்தையின் கையளவு தராசில் கிலோவுக்கு 180 கிராமுக்கும் 200 கிராமுக்கும் இடையில் வந்தது. நாங்கள் 200 கிராம் என்று நிலைப்படுத்திக்கொண்டோம். ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, காலையிலும் மாலையிலும் குலுக்கிவிட வேண்டும்.

இந்தக் குலுக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. முதல் நாளில் ஜாடிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தம் கேட்கும். உப்பு வடுவிலிருந்து நீரை வெளியே இழுக்க இழுக்கச் சத்தம் மெல்ல அடங்கி, தண்ணீர் அலம்பும் ஒலி வரும். துணியை அவிழ்த்துப் பார்த்தால் காம்பைச் சுற்றி முதலில் சுருக்கம் விழுந்திருக்கும்; பிறகு அது கீழ்நோக்கி இறங்கி, பச்சை நிறம் ஆலிவ் நிறமாக மாறும். பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதுதான் என்று என் மகள் ஒருநாள் ஜாடியைப் பார்த்துச் சொன்னாள். எல்லா வடுவும் ஒரே சீராகச் சுருங்கிய பிறகு, அந்த உப்புநீரை வடித்து, அதிலேயே காய்ந்த மிளகாயையும் கடுகையும் அரைத்து மீண்டும் ஊற்றிவிடுவோம். கிலோவுக்கு 60 கிராம் மிளகாய் எங்கள் அளவு. வடு எப்போதும் நீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். மேலே தலை நீட்டும் வடுவில்தான் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கரண்டி ஜாடிக்குள் போகவே கூடாது என்பதை வாங்குபவர்களுக்கும் பாட்டிலின் சீட்டில் எழுதியே கொடுக்கிறோம்.

புது மாவடுவோடு சாப்பிடும் தயிர்ச்சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பங்குனி மதியத்தில், பானைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்த குளிர்ந்த சோற்றில், காம்பைப் பிடித்துக்கொண்டு வடுவைக் கடிக்கும்போது முதலில் உப்பு, அடுத்துக் கடுகின் நெடி, கடைசியில் கொட்டைக்கு அருகில் ஒரு சிறு துவர்ப்பு என்று மூன்றும் வரிசையாக வரும். அந்தத் துவர்ப்பு இல்லாத வடு எனக்கு நிறைவாகத் தோன்றுவதில்லை. நான் விற்கும் பொருள் எனக்கே ஆசையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்தத் தொழிலில் எனக்கு உதவியிருக்கிறது. சுவை குறைந்த ஜாடியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை மட்டுமே வெளியே அனுப்புவது எங்கள் வழக்கம்.

வேப்பம்பூ வேலை சிறிது, பலனும் சிறிது. ஆனால் அதை விட்டுவிட முடியவில்லை. பூக்கும் காலத்தில் மாலையில் மரத்தடியைப் பெருக்கிப் பழைய வேட்டியை விரித்துவிட்டால், விடியும்போது அதன்மேல் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பும் இலைத் துணுக்கும் நீக்கி நிழலில் பாதியும் வெயிலில் பாதியுமாக உலர்த்த வேண்டும். முறம் நிறைய அள்ளினாலும் காய்ந்த பிறகு ஒரு பிடிதான் மிஞ்சும். சாலையோர மரத்துப் பூவைப் புகையும் தூசியும் படிந்திருக்கும் என்பதால் நாங்கள் எடுப்பதில்லை. உறவினர் ஒருவரின் தோட்டத்து மரங்களை நம்பியே இருக்கிறோம். சிலர் பூவை உப்பிட்ட மோரில் ஊறவைத்தும் காயவைத்துக் கேட்பார்கள். ரசத்துக்கு வாங்குபவர்களிடம், பூவை நெய்யில் சிவக்க வறுத்துக் கடைசியில் தூவுங்கள், ரசத்தோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் கசப்பு ஏறிவிடும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஏப்ரல் 14 அன்று புத்தாண்டுப் பச்சடிக்குப் பூ தேவைப்படும் வீடுகள் நகரத்தில் பல. அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சிறு பொட்டலங்கள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மறுநாள் கொண்டுபோனால் வாங்க ஆளில்லை.

வடகத்தில் எனக்குக் கிடைத்த பாடம் வேறு விதமானது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கூழ் காய்ச்சி, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு ஊற்றி, சூடு ஆறும் முன் துணியில் கரண்டியால் இடுவோம். இதற்கு விடியற்காலை எழுந்தாக வேண்டும். வெயில் மாடிக்கு வரும்போது கடைசிக் கரண்டியும் இட்டு முடிந்திருக்க வேண்டும். மாலையில் துணியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் கழித்து உரித்தால் வடகம் உடையாமல் கழன்று வரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தட்டில் பரப்பிக் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்பதை ஒடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்: படக்கென்று ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. கூழில் உப்புச் சரியாக இருக்கிறது என்று நாக்குக்குத் தோன்றினால் அது அதிகம் என்று பொருள். நீர் வற்றும்போது உப்பு மட்டும் தங்கிவிடும் அல்லவா? வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு பையில் அடைக்கவும் கூடாது. அந்தச் சூடு உள்ளே வேர்த்து, நன்கு காய்ந்த வடகத்தையும் நமர்க்கச் செய்துவிடும். எடுத்து வந்து வீட்டுக்குள் ஆறவைத்து, ஒன்றிரண்டைப் பொரித்துப் பார்த்த பிறகே அடைக்க வேண்டும்.

இவை எல்லா வீடுகளிலும் தெரிந்த சங்கதிகளே. தராசு புதிதாகச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. ஒரு கிலோ அரிசியில் செய்த வடகம் காய்ந்தபின் எடை போட்டால் ஏறக்குறைய அதே ஒரு கிலோதான் இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் முழுவதும் வெயிலில் போய்விடுகிறது. அப்படியானால் அரிசிக்கும் வடகத்துக்கும் இடையில் கூடியிருக்கும் மதிப்பு எது? விடியற்காலை எழுந்தது, காய்ச்சியது, குனிந்து இட்டது, காக்கையை விரட்டியது, உரித்தது, திருப்பிப் போட்டது. அடுப்பெரிக்கும் செலவும் சில சேர்மானங்களும் போக, வடகத்தின் விலையில் மீதி முழுவதும் உழைப்புதான். உழைப்புக்கு விலை வைக்காமல் வடகம் விற்பவர் அரிசியை அரிசி விலைக்கே திருப்பி விற்கிறார்.

அதன் பிறகுதான் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். தனிப் பயிற்சி தேவைப்படாத வேலைக்கு அது அடிப்படை என்று கொண்டால், பல ஆண்டுப் பழக்கம் தேவைப்படும் கைவேலைக்கு அதைப்போல் இரு மடங்கு கேட்பது நியாயம் என்று எனக்குப் பட்டது. எனவே மணிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். பத்துக் கிலோ மாவடுக் கணக்கை நோட்டில் எழுதியபடியே தருகிறேன். வடு கிலோ 120 வீதம் 1,200 ரூபாய், கல்லுப்பு 40, மிளகாய் 180, கடுகு, மஞ்சள், விளக்கெண்ணெய் 130, சந்தைக்குப் போய்வர ஆட்டோ 200, கால் கிலோ பிடிக்கும் 40 பாட்டில்களும் சீட்டுகளும் 600. ஆக மொத்தம் 2,350 ரூபாய், பாட்டிலுக்கு 59 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பொறுக்குவது, கழுவுவது, குலுக்குவது, அரைப்பது, அடைப்பது எல்லாம் சேர்த்து 14 மணி நேரம்; அதற்குக் கூலி 1,120 ரூபாய். இப்போது பாட்டிலின் அடக்கவிலை 87 ரூபாயை நெருங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்தில் வீட்டிலிருந்தே ஊறுகாய் விற்பவர்கள் அதே அளவு பாட்டிலை 80 ரூபாய்க்குக் கொடுத்துவந்தார்கள். தங்களுக்குப் பாட்டிலுக்கு 20 ரூபாய் மிஞ்சுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் தங்கள் கூலியிலிருந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஏறத்தாழ ஏழு ரூபாயை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் 120 ரூபாய் என்று விலை வைத்தேன். அடக்கவிலை போக மீதி இருப்பதில்தான் உடையும் பாட்டில், அனுப்பும் செலவு, அடுத்த பருவத்துக்கான முதல் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் அது பேராசையான விலை அன்று. "என்னக்கா, உப்புல போட்ட வடுவுக்கு நூத்தி இருபதா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டபோது, பதிலேதும் சொல்லாமல் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கூலி வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவரும் வடகம் போட்டு விற்பவர். மறுவாரம் அவரே வந்து, தன் வடகத்துக்கும் இதேபோல் ஒரு கணக்கு எழுதித் தரச் சொன்னார். பிற்பாடு எங்களோடு வேலையிலும் சேர்ந்துகொண்டார். எனக்கு என்ன மணிக்கூலியோ அதுவேதான் அவருக்கும்.

அனுமதி, பதிவு என்றாலே பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பவர்களுக்கும் பொருந்தும். நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தேவையில்லை, எளிய பதிவே போதும் என்பது விதி. அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற இணையதளத்தில் அடையாளச் சான்றும் புகைப்படமும் ஏற்றி விண்ணப்பித்தால் 14 இலக்கப் பதிவு எண் கிடைக்கும். விண்ணப்பிக்கும் நாளில் கட்டணமும் வரம்பும் எப்படி இருக்கின்றன என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பாட்டிலின் சீட்டில் பொருளின் பெயர், எடை குறைந்துகொண்டே வரும் வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி, பதிவு எண், அதிகபட்ச சில்லறை விலை, சைவ உணவுக்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி ஆகியவை இருக்க வேண்டும். பெருங்காயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். வடகத்தில் அதைச் சேர்ப்பவர்கள், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக அதையும் சீட்டில் குறிப்பிட்டாக வேண்டும். என் முகவரி அச்சிட்ட முதல் சீட்டுகள் வந்த அன்று, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அவற்றை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். மின் கட்டண அட்டையிலும் குடும்ப அட்டையிலும் நாங்கள் குடியிருக்கும் அதே முகவரிதான். ஆனால் அதன் மேலே தயாரிப்பாளர் என்று என் பெயர் இருந்தது.

பணத்துக்கு நான் மகளிர் சுய உதவிக்குழுவையே நம்பினேன். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தக் குழு முறை, எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு வங்கியின் படியேறக் கற்றுக்கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன். 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில், குழுக்களில் இருந்துகொண்டு உணவுத் தொழில் செய்யும் உறுப்பினருக்குத் தொடக்க முதலாக 40,000 ரூபாய் வரை குழுக் கூட்டமைப்பின் வழியாகக் கடனாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. அதைத் தவிர, இயந்திரம் வாங்கக் கடன் எடுத்தால் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சமாக 10 லட்சம் ரூபாய், மானியமாகவும் அறிவிக்கப்பட்டது. எனக்கு முதலில் வேண்டியிருந்தது இயந்திரம் அன்று. மாசியில் கையில் ரொக்கம். வடு வரும் அந்தச் சில வாரங்களில் வாங்கினால்தான் உண்டு. பிறகு எவ்வளவு பணம் வந்தாலும் மரத்தில் வடு இருக்காது.

இந்த ஒரு காரணத்தாலேயே பெரிய வாய்ப்பு ஒன்றை வேண்டாம் என்று சொன்னேன். நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றின் கொள்முதல் அதிகாரி எங்கள் மாவடுவைச் சுவைத்துப் பார்த்து, மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சரக்கு கொடுத்து 60 நாள் கழித்துப் பணம், ஆண்டு முழுவதும் மாதந்தோறும் ஒரே அளவு வழங்க வேண்டும் என்பவை அவர்கள் நிபந்தனைகள். பங்குனித் தொடக்கத்தில் கொடுத்த சரக்குக்கு வைகாசியில்தான் பணம் வரும். அப்போது வடுவெல்லாம் மாம்பழமாகியிருக்கும். நடுவில் வாங்க வேண்டிய வடுவுக்கு வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் வடகம் கேட்டால் அடுப்புச் சூட்டில் காயவைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். தொழில் வளர வேண்டும் என்பதில் எனக்கும் விருப்பம்தான். ஆனால் பருவத்தோடு பிறக்கும் பொருளை வைத்துப் பருவமில்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, தொழிலை வளர்ப்பதாகாது என்பதே என் தீர்மானம். அதற்குப் பதிலாகத் தை மாதத்திலேயே வாடிக்கையாளர்களிடம் முன்பதிவு வாங்குகிறோம். பாதித் தொகை முன்பணம். எவ்வளவு முன்பதிவோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவது, பாட்டில் தீர்ந்தால் அடுத்த மாசி வரை இல்லை என்று சொல்லிவிடுவது என்ற முறை எங்களுக்கு ஒத்துவந்திருக்கிறது. மனநிறைவோடு காத்திருந்து வாங்குபவர்கள் நான் எண்ணியதைவிட அதிகம் பேர்.

வேலைகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதும் பழகப் பழகத்தான் தெளிந்தது. மாசியின் கடைசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் மாவடு மட்டும். அப்போது வடகத்தைத் தொடுவதில்லை, ஏனெனில் மாசிப் பனி இரவில் இறங்கித் துணியை ஈரமாக்கும். பங்குனி நடுவிலிருந்து சித்திரைப் பாதி வரை வடகமும் மோர்மிளகாயும். கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்துக்குள் மாடி வேலையை முடித்துக்கொள்கிறோம். வெயில் அப்போதுதான் உச்சம் என்றாலும், பிற்பகலில் திடீரென்று இடியோடு வரும் கோடை மழையும் அதற்கு முன் வீசும் புழுதிக் காற்றும் ஒரு நாள் உழைப்பை அரை மணியில் பாழாக்கிவிடும். மாடியில் குனிந்து வேலை செய்யும் பெண்களின் உடம்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் யாரும் மாடியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் சேர்த்த பானகம் ஒரு செம்பு எப்போதும் நிழலில் இருக்கும். திருவிழா நாட்களில் வேலைக்கு விடுமுறை. எதிர்சேவைக்கு வரும் கூட்டத்துக்கு நாங்களும் வாசலில் நீர்மோர் வைக்கிறோம். கூடவே ஒரு பாத்திரத்தில் மாவடு. அதற்கு விலை இல்லை. கணக்கில் அதைக் காணிக்கை என்று தனி வரியில் எழுதிவிடுவேன். அத்தைக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும்.

சம்பாதித்த பணத்தில் என்ன செய்தேன் என்று பலர் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை: மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு, அத்தையின் கண் அறுவைச் சிகிச்சைக்கான செலவு, என் பெயரில் ஒரு சிறு வைப்புத்தொகை. ஆண்டு முழுவதும் வருவதில்லை, சில மாத உழைப்பில் வருவதுதான். ஆனாலும் ஒரு செலவுக்கு முன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது என் நடையிலேயே தெரிவதாக என் தங்கை சொல்கிறாள்.

அடுத்த ஆசை சூரிய உலர்த்தி. பாலிகார்பனேட் கூரையோடு மாடியில் அமைக்கும் சிறு கூடாரம் அது. தூசியும் காக்கையும் நுழையாது, திடீர் மழைக்கும் பயமில்லை, காயும் நேரமும் குறையும். அது வந்தால் கத்திரி வெயில் காலத்தையும் பயன்படுத்திச் சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், கொத்தவரை வத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் இரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்க முடியும். மானியம் போக எங்கள் பங்குக்கு ஆகும் தொகை, அதை எத்தனை பருவத்தில் மீட்க முடியும், வத்தலுக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூலி ஏறும் என்றெல்லாம் நோட்டில் எழுதிவருகிறேன். மாடியின் தென்கிழக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடத்தை அளந்து சுண்ணாம்பால் கோடும் போட்டுவிட்டோம். விலைப்புள்ளி கேட்டு இருவரிடம் எழுதியிருக்கிறோம். ஐப்பசிக்குள் கடன் விண்ணப்பத்தைக் கொடுத்தால் பங்குனி வடகத்துக்கு அது தயாராக இருக்கும்.